பேஜ்மேக்கரிலிருந்து பிரவுசர் வரை: ஒரு பழைய இதழை ஏற்றிய வேலைக்குறிப்பு

வேலை இதுதான்: 1990களின் இறுதியில் சென்னையிலிருந்து வெளிவந்த சிற்றிதழ் ஒன்றின் இதழ்களை இணையத்தில் படிக்கும்படி ஆக்குவது. படமாக ஸ்கேன் செய்து தொங்கவிடுவதல்ல. தேடினால் கிடைக்க வேண்டும், தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க முடிய வேண்டும். மூலம், திருவல்லிக்கேணி அச்சகம் ஒன்றின் சிடிக்களில் இருந்த பேஜ்மேக்கர் (அந்தக் காலப் பக்க வடிவமைப்பு மென்பொருள்) கோப்புகள். இப்போது பக்கங்கள் ஓடுகின்றன. தாம்பரம்–கடற்கரை மின்ரயிலில் சிக்னல் தள்ளாடும் இடத்திலும் எழுத்து உடனே வந்துவிடுகிறது. இதற்குத் தேவைப்பட்ட கருவிகள் எல்லாமே இணையத்தில் இலவசம். ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனத்தில் வைத்துச் செய்தவை. எதன் இயல்புநிலை அமைப்பு தமிழைக் கெடுக்கிறது, எது தாங்குகிறது என்பதே இந்தக் குறிப்பு.

கோப்பைத் திறப்பது

பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினி கிடைத்தால் நல்லது. கட்டுரை கட்டுரையாக ஆர்டிஎஃப் கோப்பாக எடுத்துவிடலாம். கிடைக்கவில்லை என்றால் லிப்ரேஆபீஸ் டிராவைப் பயன்படுத்தலாம். 2015இல் வந்த 4.4ஆம் பதிப்பிலிருந்து அது பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். பக்க அமைப்பு சற்றுக் கலையும், அது பரவாயில்லை. நமக்கு வேண்டியது எழுத்தும், எந்தத் துண்டு எந்த ஃபான்ட்டில் இருக்கிறது என்ற தகவலும். எனவே எல்லாம் ஒரே உரைக் கோப்பில் அடங்கும் தட்டையான எக்ஸ்எம்எல் வடிவில் சேமிக்க வேண்டும். வெறும் உரையாகக் காப்பி-பேஸ்ட் செய்தால் காரியம் கெட்டது.

காரணம், அந்தக் கால ஃபான்ட்டுகள் 8-பிட் ரகம். கோப்பில் கிடப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள்தாம்; ஃபான்ட் அவற்றின் மேல் தமிழ் வடிவத்தை வரைகிறது. பாமினியில் ‘தமிழ்’ என்பது கோப்புக்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ஃபான்ட் பெயரை இழந்துவிட்டால், எது உண்மையான ஆங்கிலச் சொல், எது தமிழ் என்று எந்த மாற்றுக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. கட்டுரைக்கு நடுவே வரும் ஆங்கிலப் புத்தகப் பெயர்களெல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த இரு எழுத்துக் குறியாக்கத் தரங்களில் டேப் இருமொழிக்கானது. ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடாது. டேம் தமிழுக்கு மட்டுமானது. கோப்பு டேப் என்றால் பாதித் தலைவலி இல்லை.

மாற்றுவதற்கு பைத்தானில் ஓப்பன்-தமிழ் என்ற நூலகம் உண்டு. பழைய குறியாக்கங்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் அட்டவணைகள் அதிலேயே இருக்கின்றன. ஒரு சிறு நிரல் எழுதி, எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொரு துண்டின் ஃபான்ட் பெயரையும் பார்த்து, தமிழ் ஃபான்ட் என்றால் மட்டும் உரிய அட்டவணைக்கு அனுப்ப வேண்டும். நிரல் எழுதப் பிடிக்காதவர்களுக்கு என்எச்எம் கன்வர்ட்டர் என்ற மாற்றி இருக்கிறது. கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் விசைப்பலகை, எழுத்துருக்களோடு மாற்றி ஒன்றையும் இலவசமாகத் தருகிறது. நாலைந்து கட்டுரை என்றால் இவை போதும். மொத்த இதழ்களுக்கும் நிரலே வசதி, ஏனென்றால் தவறு கண்டுபிடித்துத் திருத்திய பிறகு முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை இது.

இன்னொன்று: பழைய ஃபான்ட்டுகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் அடிக்கப்பட்டிருக்கும், யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் வர வேண்டும். மாற்றி இதைத் திருப்பி வைக்கும். ஆனால் அச்சகத்தில் வரியை உடைக்க ஷிஃப்ட்-என்டர் தட்டிய இடங்களில் கொம்பு ஒரு வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் கிடக்கும். மாற்றுவதற்கு முன்பே பத்திக்குள் இருக்கும் வரி உடைப்புகளை நீக்கிவிட வேண்டும். பின்னால் நீக்கினால், துணையின்றி நிற்கும் கொம்புகளுக்குப் பக்கத்தில் புள்ளி வட்டங்கள் முளைத்திருக்கும்.

களையெடுப்பு

அதிக நேரத்தை விழுங்கும் பகுதி இதுதான். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது கோப்பில் தவறாக இருக்கும், தேடும்போதுதான் தெரியவரும்.

முதலில் ரகரம். ‘ர்’ என்று தெரிகிற இடத்தில் பல நேரம் துணைக்காலும் புள்ளியும் இருக்கும். ‘அவர்’ என்பதற்கு ‘அவா்’. துணைக்காலுக்கு மேல் புள்ளி தமிழில் எங்குமே வராது, அதனால் கண்ணை மூடிக்கொண்டு ‘ர்’ ஆக்கிவிடலாம். துணைக்காலுக்குப் பின் மேல்விலங்கு வந்தால் ‘ரி’, மேல்விலங்குச் சுழி வந்தால் ‘ரீ’. இதுவரை சுலபம். சிக்கல் வருவது ‘சேர்’, ‘பெரிய’ போன்ற சொற்களில். இங்கே கொம்பும் தவறான துணைக்காலும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. யூனிகோட் விதிப்படி ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஒகரக் குறி, இரட்டைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்தால் ஓகாரக் குறி. என்எஃப்சி இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் வேறுவேறு குறி வரிசைகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) முதலிலேயே ஓட்டிவிட்டால் ‘சேர்’ என்பது ‘சோ’வும் ஒரு புள்ளியுமாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ரகரத் திருத்தம், அதன் பிறகு என்எஃப்சி. மூலத்திலேயே ஒட்டி வந்திருந்தால், ஒகர, ஓகாரக் குறிகளுக்குப் பின் புள்ளியோ மேல்விலங்கோ வருகிற இடங்களைத் தேடிப் பிரிக்க வேண்டும். அப்படி ஒரு சேர்க்கை சரியான தமிழில் இல்லை என்பதால் இதையும் நிரலே செய்துவிடும்.

அடுத்தது ஔகாரம். ‘கௌரவம்’ சரி, கோப்பில் இருப்பது ‘கெளரவம்’, அதாவது ஒற்றைக்கொம்பும் ளகரமும். யூனிகோடில் கொம்புக்காலுக்குத் தனி இடம் இருக்கிறது, அது ளகரம் அல்ல. ‘ஔவையார்’ என்று தேடினால் ‘ஒளவையார்’ வராது. இதற்கு ஒரு விதி எழுதலாம்: கொம்புக்குப் பின் வரும் ளகரத்தின் மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது நிஜ ளகரம் (வெளி, தெளிவு, வெள்ளம்), ஒன்றும் இல்லையென்றால் கொம்புக்கால் (மௌனம், பௌர்ணமி, வௌவால்). கட்டுரைகளில் இந்த விதி நன்றாகவே வேலை செய்கிறது. சிறுகதைகளில் குப்புற விழுகிறது. “கெளம்பிட்டியா?” என்று ஒரு பாத்திரம் கேட்டால் விதி அதை ‘கௌம்பிட்டியா’ ஆக்கும். ‘வெளக்கு’, ‘கெளவி’, ‘வெளங்கல’ எல்லாம் இதே கதி. எனவே ஔகாரத் திருத்தத்தைத் தானாக ஓட்டக்கூடாது. பொருந்தும் இடங்களைச் சுற்றிலும் நாலு சொற்களோடு பட்டியலாக எடுத்து, தனித்தனிச் சொல்லாகத் தொகுத்து, ஒருவர் கண்ணால் பார்த்து ஆம்-இல்லை போட வேண்டும். தனிச்சொற்கள் என்று பார்த்தால் பட்டியல் எதிர்பார்ப்பதைவிடச் சிறியதுதான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சொல்லின் முதலிலேயே உயிர்க்குறி வருவது, இரண்டு உயிர்க்குறிகள் அடுத்தடுத்து வருவது, இணைக்கொம்புக்குப் பதில் இரண்டு ஒற்றைக்கொம்பு கிடப்பது ஆகியவற்றை ஒழுங்குகோவையில் (ரெகெக்ஸ் என்ற தேடல் வாய்பாடு) தேடி எடுக்கலாம். தமிழ் எண்களும் ஏமாற்றும்: ௧ பார்க்க ககரம், ௭ பார்க்க எகரம், ௮ பார்க்க அகரம். எழுத்தோடு ஒட்டி எண் நின்றால் சந்தேகப்பட வேண்டும். ‘ஸ்ரீ’க்கு இரண்டு வரிசைகள் புழங்குகின்றன. ஸகரத்தில் தொடங்குவது பழையது. 2005இல் யூனிகோட் 4.1இல் ஶகரம் சேர்ந்த பிறகு அதில் தொடங்குவதே பரிந்துரை. திரையில் இரண்டும் ஒரே வடிவம்தான் தரும். எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தளம் முழுக்க ஒன்றாக இருக்கட்டும்.

ஒரு சொல்லுக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்க, ரிச்சர்ட் இஷிடாவின் யூனிகோட் மாற்றுக் கருவிகள் மிக உதவும். சந்தேகமான சொல்லை ஒட்டினால் எழுத்தெழுத்தாகக் குறியெண்ணைப் பிரித்துத் தருகிறது. விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற உரைத் தொகுப்பியில் கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் சுட்டிக்காட்டும் வசதி இருக்கிறது. அங்கங்கே ஒளிந்திருக்கும் சுழிய அகல இணைப்பிகளை அது காட்டிக்கொடுக்கும்.

எழுத்துரு தேர்வு

முதலில் ஒரு சோதனை வரி தயார் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். எந்த எழுத்துருவையும் எந்தக் கருவியையும் இந்த வரியை ஓட்டிப் பார்க்காமல் நம்புவதில்லை:

டி டீ கு கூ ஙு சூ ஞு டு ணூ து நூ னு பூ மு யூ ரு லூ வு ழூ ளு றூ ஜு ஹூ க்ஷ க்ஷு ஸ்ரீ கொ கோ கௌ ஔ ஃ ₹ 1998 “மேற்கோள்” – ...

உகர, ஊகார வரிசைதான் உயிர்நாடி. மற்ற உயிர்க்குறிகள் பெரும்பாலும் பக்கத்தில் வந்து நிற்பவை. உகரமும் ஊகாரமும் ஒவ்வொரு மெய்யோடும் சேர்ந்து வேறு வேறு உருவம் எடுக்கின்றன. அந்த உருவங்கள் ஃபான்ட்டுக்குள் மாற்று அட்டவணையில் இருக்கின்றன. அட்டவணை அறுந்தால் முதலில் உடைவது இவைதாம்.

கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்குக் கிடைப்பவற்றில் உடல் எழுத்துக்குப் பரிசீலித்தவை: நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரான், டீரோ தமிழ். அச்சுப் புத்தகத்தின் முகம் வேண்டுமென்றால் டீரோ தமிழ் அழகு. ஆனால் ஒரே தடிமன்தான், சாய்வு ஒன்று உண்டு. தடித்த தலைப்புக்கு வேறு எழுத்துரு தேட வேண்டும். நோட்டோ செரிஃப் பெரிய திரையில் கம்பீரம். விலை குறைந்த தொலைபேசியில் அதன் மெல்லிய கோடுகள் கரைகின்றன. கட்டமரானின் இலேசான தடிமன்கள் தலைப்புக்கு மட்டும். மே மாத வெயிலில் அண்ணா சாலைப் பேருந்து நிறுத்தத்தில் நின்று 300 தடிமனில் (சாதாரண எழுத்து 400) படிக்கச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கடைசியில் உடலுக்கு முக்த மலர் 400, 700; தலைப்புகளுக்கு அனெக் தமிழ். அனெக் மாறுநிலை எழுத்துரு. தடிமன் 100–800, அகலம் 75–125 என்று இரண்டு அச்சுகள். நீளமான தமிழ்த் தலைப்பு தொலைபேசித் திரையில் மூன்று வரி ஓடும்போது அகலத்தை 85க்கு இறக்கினால் இரண்டு வரியில் அடங்கிவிடுகிறது. எழுத்தளவைக் குறைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஒரு எழுத்துருவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வகாமாய் ஃபாண்டியூ, ஃபான்ட்டிராப் இரண்டும் போதும். கோப்பைப் பிரவுசரில் போட்டால் எத்தனை உருவங்கள், எந்த மாற்று அட்டவணைகள், எந்த அச்சுகள் என்று விரித்துக் காட்டும். நிறுவ ஒன்றுமில்லை.

உரிமம் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்னவை எல்லாம் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை. தளத்தில் வைக்கலாம், வேண்டாத எழுத்துகளை வெட்டலாம். ஆனால் உரிமக் கோப்பின் தலையில் ஒதுக்கப்பட்ட பெயர் என்று ஏதாவது எழுதியிருந்தால், வெட்டிய பதிப்புக்கு அந்தப் பெயரை வைக்கக்கூடாது. உரிமக் கோப்பையும் சேர்த்தே சர்வரில் வையுங்கள். பழைய டிடிபி ஃபான்ட்டை இணைய வடிவுக்கு மாற்றித் தளத்தில் ஏற்றும் யோசனை யாருக்காவது வந்தால் விட்டுவிடலாம்: அவை பெரும்பாலும் விலைக்கு விற்கப்பட்டவை, அதோடு யூனிகோடும் இல்லை.

வெட்டுவது

எழுத்துருக் கோப்பை அப்படியே ஏற்றினால் தேவையில்லாத எடை. வெட்டித் தரும் இணையக் கருவிகள் பல உண்டு. ஃபான்ட் ஸ்குவிரல் ஜெனரேட்டரை இயல்புநிலையிலேயே ஓட்டினால் மேற்கத்திய எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு தமிழைக் கழித்துவிடும். நிபுணர் நிலைக்குப் போய் வெட்ட வேண்டாம் என்று தேர்ந்தால்தான் தமிழ் தப்பும். வெட்டுவதற்கென்றே போய் வெட்டாதே என்று சொல்வதில் பயனில்லை. நேராக ஃபான்ட்டூல்ஸ்தான். பைத்தான் தொகுப்பு அது. கூடவே புரோட்லி தொகுப்பையும் நிறுவ வேண்டும், இல்லையென்றால் இணைய எழுத்துரு வடிவமான வொஃப்2 எழுதும்போது பிழை தந்து நிற்கும்.

அதிலுள்ள பைஎஃப்டி-சப்செட் கட்டளைக்குத் தர வேண்டிய குறியெண்கள்: தமிழ்ப் பகுதி முழுவதும், அதாவது 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை (128 இடங்களில் நிரம்பியவை 72தான், அதனால் சிக்கனம் பார்த்துத் துண்டாட வேண்டாம்), இணைப்பிகள் 200சி, 200டி, புள்ளி வட்டம் 25சிசி, ரூபாய்க் குறி 20பி9. இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இடைவெளி, எண்கள், நிறுத்தற்குறிகள் அடங்கிய 0020 முதல் 0040 வரை, சாய்ந்த மேற்கோள்கள் 2018, 2019, 201சி, 201டி, கோடுகள் 2013, 2014, முப்புள்ளி 2026 ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தமிழ் வரிக்கு நடுவே ஆண்டு எண்ணும் மேற்கோள் குறியும் வேறொரு ஃபான்ட்டில் வந்து துருத்திக்கொண்டிருக்கும். இடைவெளிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பட்டியலில் எந்த எழுத்துருவின் வரம்பில் இடைவெளி இருக்கிறதோ அதையே பிரவுசர் முதல் எழுத்துருவாகக் கொண்டு வரியின் அடிப்படை உயரத்தையும் சிஎச் என்ற அகல அலகையும் கணக்கிடும். இடைவெளியை விட்டுவிட்டால் வரி உயரம் ஏதோ ஓர் ஆங்கில ஃபான்ட்டின் கணக்கில் போகும்.

லேஅவுட் அம்சங்களுக்கு (மேலே சொன்ன மாற்று அட்டவணைகள்) நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லலாம். இயல்புநிலையிலேயே இந்திய எழுத்துகளுக்கு வேண்டியவை தங்கிவிடும் என்றாலும், இணையத்தில் கிடைக்கும் சில கட்டளைகளில் எடையைக் குறைப்பதற்காக அம்சங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். அதை அப்படியே எடுத்து ஓட்டினால் ‘கு’ என்பது ககரமும் தனியாக நிற்கும் குறியுமாகப் பிரியும். வெட்டிய கோப்பைத் தளத்தில் ஏற்றுவதற்கு முன் எழுத்தையும் குறியையும் கோத்து உருவமாக்கும் ஹார்ஃபஸ் நூலகத்தின் எச்பி-வியூ கட்டளையில் சோதனை வரியைக் கொடுத்துப் படமாக எடுத்துப் பாருங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் எழுத்தைக் கோக்கப் பயன்படுத்துவது அதே ஹார்ஃபஸ்தான். இதில் சரியாக வந்தால் அங்கும் வரும்.

கோப்புகளை நம் சர்வரிலேயே வைப்பது நல்லது. ஒரு காலத்தில் கூகுளிலிருந்து இழுத்தால் வேறொரு தளத்துக்காக இறக்கியது இங்கும் பயன்படும் என்று சொல்வதுண்டு. 2020இல் வந்த குரோம் 86லிருந்து தளத்துக்குத் தளம் தேக்ககம் (கேஷ்) தனித்தனி, ஆதலால் அந்த லாபம் போய்விட்டது.

ஸ்டைல்

எச்டிஎம்எல் மூலக் குறியில் மொழி ‘டிஏ’ என்று போடுவது முதல் வேலை. திரைவாசிப்பான், தேடல், சொல் உடைப்பு எல்லாம் இதைத்தான் பார்க்கின்றன.

ஆங்கில டெம்ப்ளேட் எதை எடுத்தாலும் அதன் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) கழற்ற வேண்டியவை சில. லெட்டர்-ஸ்பேசிங்கைச் சுழியமாக்குங்கள். ஆங்கிலத் தலைப்புக்குப் பெரிய எழுத்தோடு இடைவெளி கொடுப்பது அழகு. தமிழில் சொல் சிதறிப் போகும். ஃபான்ட்-சிந்தசிஸ் ‘நன்’. சாய்வு இல்லாத தமிழ் எழுத்துருவைப் பிரவுசர் தானே சாய்த்துக் காட்டினால் பார்க்கச் சகிக்காது. அழுத்தத்துக்கு நிறமோ தடிமனோ போதும். வரி உயரம் 18 பிக்சல் எழுத்துக்கு 1.75. டெம்ப்ளேட்டின் 1.4இல் மேல் வரியின் ஊகாரச் சுழியும் கீழ் வரியின் ஈகாரச் சுழியும் உரசிக்கொள்ளும். தலைப்புகளுக்கு 1.35க்குக் கீழே இறங்க வேண்டாம்.

பட்டன்களையும் அட்டைகளையும் தனியாகப் பார்க்க வேண்டும். வரி உயரம் 1, வழிவதை மறை என்ற இரண்டும் சேர்ந்தால் ‘மு’, ‘கு’, ‘து’ எழுத்துகளின் அடி வெட்டுப்படும். ஒற்றை வரியில் சுருக்கி முப்புள்ளி போடும் ‘ட்ரன்கேட்’ வகுப்பு இதைத்தான் செய்கிறது. அடியில் 0.2 எம் (ஒரு எம் என்பது எழுத்தளவுக்குச் சமம்) இடைவெளி கொடுத்தால் சரியாகிவிடும். சுட்டிகளின் அடிக்கோட்டையும் 0.25 எம் கீழே தள்ளுங்கள்.

பத்தி அகலத்தை 65 சிஎச் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. சிஎச் என்பது சுழியம் என்ற எண்ணின் அகலம். தமிழ் எழுத்து அதைவிட அகலம், சொற்களும் நீளம். எம் கணக்கில் 34–36 வைத்துப் பாருங்கள். கணினித் திரையில் வரிக்கு ஏழெட்டுச் சொற்கள் வந்தால் கண் சுகமாக ஓடுகிறது. இருபக்கமும் நேராக்கும் ஜஸ்டிஃபை தொலைபேசியில் வேண்டவே வேண்டாம். ‘ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தாலும்’ போன்ற ஒரு சொல் அடுத்த வரிக்கு இறங்கினால் மேல் வரியில் இரண்டே சொல், நடுவில் பள்ளம். அச்சிட்டதுபோல் வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் ஹைஃபன்ஸ் ‘ஆட்டோ’ போட்டு, ஹைஃபனேட்-கேரக்டரை வெற்றுச் சரமாக்குங்கள். தமிழ் அச்சில் சொல்லை உடைத்தால் சிறுகோடு போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எல்லா பிரவுசரும் தமிழை உடைப்பதில்லை என்பதால் ஹைஃபனோபாலி என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைத் துணைக்கு வைக்கலாம். தமிழ் வகைமுறை அதில் இருக்கிறது. இடப்பக்கம் மட்டும் நேராக இருப்பதே என் வாக்கு.

எழுத்துரு இறங்கும்வரை என்ன தெரியும் என்பது அடுத்த கேள்வி. ஃபான்ட்-டிஸ்ப்ளே ‘ஸ்வாப்’ போட்டால் முதலில் சாதனத்தின் தமிழ் ஃபான்ட்டில் வந்து பிறகு மாறும். தமிழ் ஃபான்ட்டுகளுக்குள் அகல வித்தியாசம் அதிகம். மாறும் கணத்தில் பத்தி முழுவதும் குதித்து, படித்துக்கொண்டிருந்த வரி காணாமல் போகும். உடல் எழுத்துக்கு ‘ஆப்ஷனல்’ வைத்து, 400 தடிமன் கோப்பை மட்டும் ப்ரீலோடு செய்தோம், அதாவது முன்கூட்டியே இறக்கச் சொன்னோம். நெட் மந்தமாக இருந்தால் அந்தப் பக்கம் சாதன ஃபான்ட்டிலேயே நின்றுவிடும், குதிக்காது. அடுத்த பக்கத்தில் முக்த மலர் வந்துவிடும். ப்ரீலோடு வரியில் கிராஸ்-ஆரிஜின் பண்பை விட்டுவிட்டால், ஒரே சர்வராக இருந்தாலும் கோப்பு இரண்டு முறை இறங்கும். பிரவுசரின் நெட்வொர்க் பலகையில் ஒரே பெயர் இரண்டு தடவை தெரிந்தால் காரணம் இதுதான். மாற்றுப் பட்டியல்: விண்டோஸுக்கு நிர்மலா யூஐ, ஆப்பிளுக்குத் தமிழ் சங்கம் எம்என், ஆண்ட்ராய்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ். மாற்று ஃபான்ட்டை சைஸ்-அட்ஜஸ்ட்டில் நூற்றுக்கு இத்தனை என்று பெரிதாக்கியோ சிறிதாக்கியோ அகலத்தைப் பொருத்தலாம். ஒரே பத்தியை இரண்டு ஃபான்ட்டிலும் போட்டு, மொத்த வரிகளின் எண்ணிக்கை ஒன்றாகும்வரை எண்ணை நகர்த்துவதுதான் முறை.

குரோமின் டெவ்டூல்ஸில், கம்ப்யூட்டட் பகுதியின் அடியில் ‘ரெண்டர்டு ஃபான்ட்ஸ்’ என்று ஒரு சிறு பட்டியல் இருக்கிறது. இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள இடம் இல்லை. தேர்ந்தெடுத்த பத்தியில் எந்த ஃபான்ட்டிலிருந்து எத்தனை உருவங்கள் வந்தன என்று எண்ணிக்கையோடு காட்டும். முக்த மலர் ஆயிரத்துச் சொச்சம், நிர்மலா இரண்டு என்று தெரிந்தால், வெட்டும்போது ஏதோ குறியை விட்டிருக்கிறோம் என்று பொருள்.

சில்லறை வேலைகள்

ஆசிரியர் பெயர் வரிசை: சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் வரிசையாக்கம் யூனிகோட் எண்ணைப் பார்க்கும். யூனிகோடில் னகரம் நகரத்துக்குப் பக்கத்தில், றகரம் ரகரத்துக்குப் பக்கத்தில், ஜகரம் சகரத்துக்குப் பக்கத்தில். அகராதி வரிசை கலைந்துவிடும். ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே இருக்கும் இன்டல் கொலேட்டர் என்ற வரிசையாக்கியைத் தமிழுக்கென்று அழைத்தால் சரியாக வரும். பிரவுசருக்கு வெளியே நோட் (ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் மென்பொருள்) வழியாக ஓட்டினால், 13க்குப் பிந்தைய பதிப்பு என்றால் கூடுதலாக எதுவும் நிறுவ வேண்டாம்.

சுட்டி முகவரி: தமிழில் வைத்தால் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், நகலெடுத்தால் ஒன்பது எழுத்து. இருபது குறி கொண்ட தலைப்பு வாட்ஸ்அப்பில் 180 எழுத்து நீளச் சதவீதக் குவியலாகப் போய் விழும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு 255 பைட் எல்லை, தமிழில் 85 குறிகள்தான். இதழ் எண்ணும் பக்க எண்ணும் கொண்ட முகவரியே போதும்.

கட்டுரைச் சுருக்கத்துக்காக முதல் 150 குறிகளை வெட்டும் வரி எல்லா டெம்ப்ளேட்டிலும் இருக்கும். உயிர்க்குறிக்கு முன்னால் வெட்டு விழுந்தால் ‘போ’ என்பது ‘ப’ ஆகிவிடும். இன்டல் செக்மென்டரை வைத்து எழுத்தெழுத்தாக எண்ணி வெட்டுங்கள். அதுவும் ‘க்ஷ’வை இரண்டாகத்தான் எண்ணும். இன்னும் நல்லது, சொல்லின் இறுதியில் வெட்டுவது.

பிடிஎஃப்: ஜேஎஸ்பிடிஎஃப் எழுத்துகளைக் கோக்காது, கொம்பு இடம் மாறி நிற்கும். குரோமின் அச்சு வழியாகவோ, எழுத்தைக் கோக்கத் தெரிந்த பேங்கோ நூலகத்தை நம்பி ஓடும் வீசிபிரின்ட் வழியாகவோ எடுங்கள். பகிர்வுப் படங்களையும் பிளேரைட்டில் (பிரவுசரை நிரல் வழியாக இயக்கும் கருவி) 1200க்கு 630 அளவில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வதே பத்திரம். அட்டைப்பட ஸ்கேன்களைச் சுருக்க ஸ்கூஷ் போதும்.

தேடலுக்கு பேஜ்ஃபைண்ட். நிலையான கோப்புகளிலேயே அட்டவணை போடும், சர்வர் வேண்டாம். தேடுபவர் தட்டும் சொல்லையும் என்எஃப்சிக்கு மாற்றிவிட்டுத் தேட அனுப்ப வேண்டும். இல்லையென்றால் களையெடுப்பில் பட்ட பாடு பாதி வீண்.

செலவும், அடுத்த முறை மாற்றுவதும்

எழுத்துரு, கருவிகள், கிட்ஹப் பேஜஸ் அல்லது கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இடம்: செலவில்லை. ‘டாட் இன்’ முகவரிக்கு ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள், முதல் ஆண்டுச் சலுகை கண்ணை மறைக்கும். சோதனைக்கு ரிச்சி தெருவில் ஒரு பழைய ஆண்ட்ராய்டு தொலைபேசி வாங்குவது வீண் செலவல்ல. புதுத் தொலைபேசியில் எல்லாமே அழகாகத்தான் தெரியும். திரை மங்கி, நினைவகம் குறைந்த ஒன்றில்தான் மெல்லிய கோடுகளும் வெட்டுப்பட்ட உகரங்களும் வெளிவரும். பெரிய செலவு மெய்ப்புப் பார்ப்பவருக்கு. பக்கக் கணக்கில் பேசாமல், முதல் இதழை முடித்த பிறகு பிழை அடர்த்தி பார்த்துப் பேசுவது இருவருக்கும் நியாயம்.

அடுத்த இதழ்த் தொகுதிக்கு மாற்ற வேண்டியவை மூன்று. சிறுகதைகளையும் கட்டுரைகளையும் ஆரம்பத்திலேயே தனித்தனிக் கோப்புறையில் பிரித்து, ஔகார விதியைக் கட்டுரைகளுக்கு மட்டும் தானாக ஓட்டுவது. பேஜ்மேக்கரிலிருந்து எடுத்த எக்ஸ்எம்எல்லைத் தொடாமல் கிட்டில் (கோப்புகளின் பதிப்புகளைக் காக்கும் கருவி) வைத்து, எல்லாத் திருத்தமும் நிரல் வழியாகவே நடக்கும்படி செய்வது. கையால் திருத்திய கோப்புகள் மறுமுறை ஓட்டும்போது அழிந்துபோகின்றன. மூன்றாவது, அனெக்கை மாறுநிலைக் கோப்பாக முழுசாக ஏற்றாமல், ஃபான்ட்டூல்ஸின் இன்ஸ்டான்சரை வைத்து தடிமனை 700இல் நிறுத்தி அகல அச்சை மட்டும் விட்டுவைப்பது. தலைப்புக்குத் தேவை அவ்வளவுதான், கோப்பும் இளைக்கும்.